அந்த அரை மணி நேரம்

"குடி, சிகரெட்டெல்லாம் ஆம்பளைங்க சமாசாரம், நமக்கென்ன?" என்று கேட்கும் சகோதரிகளே, வெற்றிலைப் பெட்டியைக் கொஞ்சம் திறந்து பார்ப்போமா?

எங்கள் திருவண்ணாமலையில் பௌர்ணமி வந்தால் பல வீடுகளில் அடுப்பு அணைவதில்லை. 14 கிலோமீட்டர் மலை சுற்ற வரும் உறவுக்காரர்கள் அத்தனை பேருக்கும் சமையல். எங்கள் தெருவில் ஓர் அக்கா, எல்லோருக்கும் பரிமாறிவிட்டுப் பின்வாசல் படியில் போய் உட்காருவார். வெற்றிலையில் சுண்ணாம்பு தடவி, பாக்கு வைத்து, கடைசியில் ஒரு துண்டு புகையிலை. "எனக்குன்னு இருக்கிறது இது ஒண்ணுதாம்மா. வாயில அடக்கிக்கிட்டா அரை மணி நேரம் யாருக்கும் பதில் சொல்ல வேணாம் பாரு!" என்றார்.

அவருக்கு வேண்டியிருந்தது அந்த அரை மணி நேரம். புகையிலை அதற்கு ஒரு சாக்கு. (இளம் தாய்மார்கள் சிரிக்க வேண்டாம். குழந்தை தூங்கியதும் நடுராத்திரி வரை கைப்பேசியைத் தள்ளிக்கொண்டிருப்பது வேறென்னவாம்?)

ஆனால் இந்தச் சாக்கு பொல்லாதது. புகையிலையிலுள்ள நிக்கோடின் இறங்கியதும் படபடப்பு, எரிச்சல் வரும். அடுத்த வாய் போட்டதும் தணியும். 'போட்டால்தான் மனசு நிம்மதி' என்பதில் பாதி இந்த வேலைதான். "நான் வெறும் பாக்குதானே போடுகிறேன்" என்பவர்களுக்கும் தப்பில்லை. பாக்கே புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அறிவித்துவிட்டது. கர்ப்பிணி புகையிலை போட்டால் குழந்தையின் எடை குறையலாம். தாய்ப்பாலிலும் நிக்கோடின் கலக்கும்.

அதற்காக மாமியாரின் வெற்றிலைப் பெட்டியை ஒளித்து வைக்காதீர்கள். சண்டைதான் மிஞ்சும். கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் சென்னையில் தொடங்கிய சிகிச்சை நிலையத்தில், குடிப்பவருக்கு மட்டுமல்லாமல் குடும்பத்தாருக்கும் ஆலோசனை உண்டு. பழக்கம் ஒருவருடையதானாலும் வீடே கொஞ்சம் மாற வேண்டியிருக்கிறது. பாத்திரத்தை மருமகளோ மகனோ தேய்க்கட்டும். அவர் வாயில் எதுவும் இல்லாமலே அரை மணி நேரம் சும்மா உட்காரட்டும். நமநமப்பு வந்தால் சில நிமிஷங்களில் அடங்கிவிடும். அதுவரை நாலு சோம்போ ஓர் ஏலக்காயோ போதும். விட முடியாமல் தவிப்பவர்கள் 1800-11-2356 என்ற அரசின் இலவச எண்ணில் பேசலாம்.

வாய்க்குள் வெள்ளைத் திட்டு, இரண்டு மூன்று வாரமாக ஆறாத புண், வாயைத் திறக்கவே இறுக்கம் என்றால் மட்டும் கைவைத்தியம் வேண்டாம். பௌர்ணமி முடியட்டும் என்றும் தள்ளிப்போடாமல் அந்த வாரமே பல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.