கால்நடை மருத்துவக் கல்வியும் பல்லூடகமும்: ஓர் ஆசிரியரின் பார்வை



சென்ற வாரம் எங்கள் பள்ளியில் நடந்த பெற்றோர் சந்திப்பின்போது, ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவனின் தந்தை என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். மகனுக்கு விலங்கு மருத்துவர் ஆக வேண்டும் என்று ஆசை. கைப்பேசியில் நாய்க்கும் பூனைக்கும் அறுவைச் சிகிச்சை செய்யும் விளையாட்டை நாள் தவறாமல் ஆடுகிறானாம். "இப்போது எல்லாமே இணையத்தில் கிடைக்கிறதே சார். இனி இந்த மாட்டு டாக்டர் படிப்பைக்கூடக் கணினி முன் உட்கார்ந்தே படித்துவிடலாம் அல்லவா? சாணியிலும் சகதியிலும் நிற்க வேண்டியதில்லையே?" என்றார். வரிசையில் மற்றப் பெற்றோர் காத்திருந்ததால் சிரித்து மழுப்பி அனுப்பிவிட்டேன். கேள்வி மட்டும் என்னை விடவில்லை. அவருக்கு அன்று சொல்லியிருக்க வேண்டிய பதிலை இங்கே எழுதுகிறேன்.

நான் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். அப்பா பால்மரம் வெட்டினார். லயத்துக்குப் பின்னால் கொட்டகை போட்டு இரண்டு மாடுகளும் வளர்த்தார். காலைப் பால் கிராணி வீட்டுக்கும் மாலைப் பால் லயத்து வீடுகளுக்கும் போகும். மரம் வெட்டிய சம்பளம் கடைக்காரருக்கு; பால் காசு எங்கள் படிப்புக்கு. வீட்டின் கணக்கு அவ்வளவுதான்.

1983-ஆம் ஆண்டு, செவலைப் பசு சினையாக இருப்பதாக அப்பா நினைத்தார். மூன்று மாதமாக அது பருவத்துக்கு வரவில்லை. உறுதி செய்துகொள்ள ஒருவரை அழைத்து வந்தார். வந்தவர் கையுறை அணிந்து, பின்வழியாகக் கைவிட்டுப் பார்த்து, வயிறு வெறுமையாக இருக்கிறது என்றார். பருவத்துக்குக் கொண்டுவர ஓர் ஊசியும் போட்டுவிட்டுப் போனார். நான்காம் நாள் காலையில் கொட்டகையில் ஓர் எலியளவு கரு கிடந்தது. பருவத்தைத் தூண்டப் போடும் அவ்வகை ஊசி, பசு சினையாக இருந்தால் கருவைக் கலைத்துவிடும் என்பதை நான் பிற்காலத்தில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். கன்று போயிற்று, அந்த ஈற்றின் பாலும் போயிற்று. அவ்வாண்டு அண்ணன் மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்திக்கொண்டார். மாடு மட்டுமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் வீட்டில் அந்தப் பேச்சு எழும்போதெல்லாம் செவலையின் பெயரும் வரும்.

அப்பா அந்த மனிதரைத் திட்டவில்லை. "பாவம், அவன் கைக்கு யாரும் கத்துக்குடுக்கலடா" என்றார்.

ஆசிரியர் பணிக்கு வந்த பிறகுதான் அச்சொல்லின் பொருள் எனக்கு விளங்கியது. பசுவின் சினையைக் கைவிட்டுப் பார்க்கும் திறமையைக் கற்பிப்பது எவ்வளவு கடினம் என்று எண்ணிப் பாருங்கள். மாணவரின் கை தோள்வரை மாட்டின் மலக்குடலுக்குள் இருக்கிறது. குடலின் சுவர் வழியாக, கண்ணால் காணாமல், கருப்பையைத் தேடிப் பிடிக்க வேண்டும். அது எந்தப் பக்கம் பருத்திருக்கிறது, உள்ளே நீர் தளும்புகிறதா, சினைப்பையில் மேடு தெரிகிறதா என்றெல்லாம் விரல் நுனியால் அறிய வேண்டும். பக்கத்தில் நிற்கும் ஆசிரியருக்கோ மாணவரின் விரல் எதைத் தொடுகிறது என்று தெரியாது. "கிடைத்ததா?" என்று கேட்பார். "கிடைத்தது" என்று மாணவர் சொல்வார். அவர் பிடித்திருப்பது சிறுநீர்ப்பையாகக்கூட இருக்கலாம். மாடும் பொறுமை இழக்கும். ஒரே மாட்டை இருபது மாணவர் சோதிப்பது அதற்குச் செய்யும் கொடுமை. நமது வகுப்பில் ஒரு பிள்ளை கணக்கைத் தவறாகப் போட்டால் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். இங்கே பார்ப்பதற்கு நோட்டே இல்லை.

இந்தச் சிக்கலைத் தீர்க்க வந்த ஒரு கருவியை அறிந்தபோது நான் அசந்துபோனேன். சாரா பெய்லி என்ற ஆங்கிலேயக் கால்நடை மருத்துவர், கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் ஆய்வு செய்தபோது, 2000-களின் தொடக்கத்தில் 'ஹாப்டிக் கவ்' என்ற ஒன்றை உருவாக்கினார். தொடுபுலன் பசு என்று நாம் சொல்லலாம். கண்ணாடியிழையால் செய்த பசுவின் பின்பாதி உருவம். அதற்குள் ஓர் இயந்திரக் கை. மாணவர் உள்ளே கைவிட்டு, அந்த இயந்திரக் கையின் முனையில் உள்ள விரலுறையில் விரலைப் பொருத்திக்கொள்வார். கணினியில் வரையப்பட்டுள்ள கருப்பையையும் சினைப்பையையும் விரல் 'தொடும்போது', மென்மையானது மென்மையாகவும் கடினமானது கடினமாகவும் உணரும்படி இயந்திரம் எதிர்விசை தரும். மாணவர் பார்ப்பதில்லை, தடவித் தேடுகிறார். ஆனால் மாட்டின் உட்புறமும் மாணவரின் விரல் இருக்கும் இடமும் திரையில் ஆசிரியருக்குத் தெரிகின்றன! "இன்னும் கொஞ்சம் கீழே, இடப்பக்கம்" என்று அவரால் சொல்ல முடிகிறது. இக்கருவியில் பயின்றவர்கள், உண்மையான மாட்டிடம் சென்றபோது, பழைய முறையில் மட்டும் படித்தவர்களைவிடச் சிறப்பாகக் கருப்பையைக் கண்டுபிடித்தார்கள் என்று பெய்லியும் அவருடைய குழுவினரும் 2005-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது.

கல்விக்குள் தொழில்நுட்பத்தைக் கொண்டுவருவதற்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. மாணவருக்கு அழகான படம் காட்டுவது இதன் நோக்கமன்று. ஆசிரியரால் எட்ட முடியாமல் இருந்த இடத்துக்கு ஆசிரியரைக் கொண்டுசேர்ப்பதே நோக்கம்.

திரைக்கே உரிய வேலைகள் இல்லையா என்றால், நிறைய உண்டு. மனிதருக்கு மருத்துவம் படிப்பவர் ஓர் உடலைக் கற்றால் போதும். கால்நடை மருத்துவ மாணவரோ நான்கு அறை வயிற்றுப் பசுவையும், ஓரறை வயிற்றுக் குதிரையையும், நாயையும் பூனையையும் கோழியையும் கற்க வேண்டும். முப்பரிமாணப் படத்தில் ஒவ்வோர் அடுக்காக நீக்கி, வேண்டிய மட்டும் திரும்பத் திரும்பப் பார்ப்பது பெரிய வசதிதான். பார்மலின் நெடியில் மணிக்கணக்கில் நிற்கும் வேதனையும் குறைகிறது. நொண்டும் குதிரை எந்தக் காலில் நொண்டுகிறது என்பதைப் பாடநூலில் எத்தனை பக்கம் படித்தாலும் விளங்காது. காணொளியை மெதுவாக ஓட்டிப் பார்த்தால், தலை எப்போது உயர்கிறது, எந்தக் குளம்பு தயங்குகிறது என்று தெரியும்.

ஒலியும் அப்படித்தான். 1998-ஆம் ஆண்டு ஈப்போவுக்கு அருகில் பன்றிப் பண்ணைகளில் தொடங்கிய நோய், பின்னர் எங்கள் நெகிரி செம்பிலானில் சுங்கை நிப்பா, புக்கிட் பெலாண்டோக் வட்டாரத்துக்குப் பரவியது. முதலில் கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று எண்ணிக் கொசுமருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். 1999 மார்ச் மாதத்தில்தான் அது புதிய கிருமி என்று மலாயாப் பல்கலைக்கழகத்தில் தெரியவந்தது. அதற்கு நிப்பா என்றே பெயரிட்டார்கள். நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட மனிதர் மாண்டனர். பத்து இலட்சத்துக்கு மேல் பன்றிகள் கொல்லப்பட்டன. நான் அப்போது சிரம்பான் வட்டாரத்தில் பணியாற்றிக்கொண்டிருந்தேன். வகுப்பில் தும்மினால்கூடப் பிள்ளைகள் அஞ்சிய நாள்கள் அவை. நோயுற்ற பன்றிகள் நாய் குரைப்பதுபோல உரக்க இருமின. அந்த இருமலை எழுத்தில் எப்படி விவரிப்பது? இப்படிப்பட்ட ஒலிகளையும் அறிகுறிகளையும் பதிவுசெய்து, எந்தக் கல்லூரி மாணவரும் அதே நாளில் கேட்கும்படி செய்வது இணையத்தால் மட்டுமே ஆகக்கூடியது.

இவ்வளவும் சொன்ன பிறகு, ஓர் எச்சரிக்கையையும் சொல்ல வேண்டியுள்ளது. அது என் சொந்த அனுபவம்.

2003-ஆம் ஆண்டு கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் வந்தபோது, எங்களுக்கு மடிக்கணினியும் படவீழ்த்தியும் குறுவட்டுகளும் தந்தார்கள். மொழிக் கொள்கையைப் பற்றி இங்கே பேச வரவில்லை. அது தனிக் கதை. படவீழ்த்தி வந்த புதிதில் வகுப்பே திருவிழாக் கோலம் பூண்டது. திரையில் செந்நிற இதயம் துடிக்கும். பிள்ளைகள் வாய்பிளந்து பார்ப்பார்கள். ஒரு நாள் மின்சாரம் நின்றுவிட்டது. "சரி, உங்கள் நாடித்துடிப்பை நீங்களே தொட்டு எண்ணுங்கள்" என்றேன். முப்பத்திரண்டு பேரில் ஐந்து பேருக்குத்தான் நாடி எங்கே இருக்கிறது என்று தெரிந்தது. மற்றவர்கள் கைக்கடிகாரம் கட்டும் இடத்தைச் சுற்றித் தடவிக்கொண்டிருந்தார்கள். இரண்டு வாரம் துடிக்கும் இதயத்தைக் காட்டிய நான் வெட்கப்பட்டு நின்றேன். குறுவட்டின் மேல் குற்றமில்லை. அது காட்டியதையே கற்பித்ததாக எண்ணிக்கொண்டது நான்தான்.

அதே கதையைப் பெரிய அளவில் என் முன்னாள் மாணவி ஒருத்தி எனக்குச் சொன்னாள். 2010-இல் என்னிடம் ஆறாம் ஆண்டு படித்தவள். எஸ்பிஎம் முடித்து, மேற்படிப்பின் வழி கால்நடை மருத்துவத்துக்குப் போனாள். 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது மூன்றாம் ஆண்டு மாணவி. மாதக்கணக்கில் வீட்டில் இருந்து திரையில்தான் பாடம். மதிப்பெண்ணெல்லாம் நன்றாகவே வந்தது. பின்னர்ப் பண்ணைக்குப் போய் முதன்முதலாக மாட்டின் பக்கத்தில் நின்றபோது, "படம் முழுக்க மனசுல இருந்துச்சு சார். கை மட்டும் ஒண்ணும் தெரியாத பிள்ளை மாதிரி இருந்துச்சு" என்றாள். அப்பா 1983-இல் சொன்னதை அவள் கேட்டிருக்க வாய்ப்பே இல்லை.

ஆகவே, விலையுயர்ந்த திரைகளையும் மென்பொருள்களையும் வாங்கிவிட்டு, அந்தச் செலவை ஈடுகட்ட மாடு வளர்ப்பையும் பண்ணை நேரத்தையும் குறைக்க நினைக்கும் எந்தக் கல்விக்கூடமும் தவறு செய்கிறது என்பதே என் கருத்து. கருவியில் பழகிய கை, அடுத்த வாரமே உயிருள்ள மாட்டைத் தொட வேண்டும். பணம் இல்லையென்றால் எளிய வழிகளும் இருக்கின்றன. பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவப் பள்ளி செய்முறைத் திறன்களுக்கான கையேடுகளைப் படங்களோடு இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. ஓர் அட்டைப் பெட்டியும் நீர் நிரப்பிய பலூனும் இருந்தால் விரலுக்கு முதல் பாடம் சொல்லிக் கொடுத்துவிடலாம். நாமும் பாலர் பள்ளியில் பைக்குள் பொருளைப் போட்டுத் தடவிப் பார்க்கச் சொல்லவில்லையா?

இன்னொரு குறையும் உண்டு. இணையத்தில் கிடைக்கும் காணொளிகளில் பெரும்பாலானவை மேலை நாட்டுப் பண்ணைகளில் எடுக்கப்பட்டவை. கொழுத்த கறுப்பு வெள்ளை மாடுகள் பனிக்காலத்தில் கொட்டகைக்குள் நின்று தீனி தின்னும். நம் நாட்டில் செம்பனை மரத்தடியில் மேயும் கெடா-கிளந்தான் மாடுகளையும், நம் பாட்டன்மார் காலத்திலிருந்து இந்தியர் வளர்த்து வருவதால் 'லோக்கல் இந்தியன் டெய்ரி' என்றே பெயர்பெற்ற பால்மாடுகளையும் அவற்றில் காண முடியாது. வெயிலில் இளைக்கும் மாடு எப்படி இருக்கும், உண்ணி கடித்த மடி எப்படி இருக்கும் என்பவற்றை நாம்தான் படம்பிடித்தாக வேண்டும்.

அவ்வாறு படம்பிடிக்கும்போது, தோட்டத்தில் மாடு வளர்த்த முதியவர்களையும் பேசவிட்டுப் பதிவுசெய்ய வேண்டும் என்பது என் ஆசை. அசைபோடுவது நின்றுவிட்டது, மடி இறங்குகிறது, கன்று தலை திரும்பிக் கிடக்கிறது என்று அவர்கள் ஒரு சொல்லில் சொல்வதை, மலாயிலும் ஆங்கிலத்திலும் படித்துவிட்டு வரும் நம் இளம் மருத்துவர்கள் புரிந்துகொள்ள முடிவதில்லை. என் மாணவியே சொன்னாள்: ஒரு பாட்டி மாடு "செனைக்கு நிக்கல" என்று சொன்னாராம், இவளோ மாட்டுக்குக் காலில் ஏதோ கோளாறு என்று குளம்பைத் தூக்கிப் பார்த்தாளாம்! சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் அந்தப் பாட்டியைப் போன்றவர்கள் இன்னும் எத்தனை ஆண்டுகள் இருப்பார்கள்? என் அப்பாவின் குரல்கூட என்னிடம் பதிவாக இல்லை.

கேள்வி கேட்ட தந்தைக்கு வருகிறேன். ஐயா, உங்கள் மகன் கைப்பேசியில் அறுவைச் சிகிச்சை விளையாடுவதை நான் தடுக்கமாட்டேன். ஆசை அதில் தொடங்கியிருந்தால் நல்லதுதான். ஆனால் அந்த விளையாட்டில் நாய் கடிப்பதில்லை, பசு உதைப்பதில்லை, தவறு செய்தால் மறுபடியும் தொடங்கலாம். செவலைக்கு அப்படி ஒரு பொத்தான் இருக்கவில்லை.

என் மாணவி இப்போது மருத்துவராகப் பணிபுரிகிறாள். வரும் பள்ளி விடுமுறையின் முதல் சனிக்கிழமை, அவள் வழக்கமாகச் சென்று பார்க்கும் ஒரு பால்பண்ணைக்கு ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்களை அழைத்துச் செல்ல ஏற்பாடு செய்திருக்கிறேன். பண்ணைக்காரரும் சம்மதித்துவிட்டார். ஒவ்வொரு பிள்ளையும் கன்றின் நெஞ்சில் காதுவைத்துக் கேட்க வேண்டும், பசுவின் விலாவில் கைவைத்து வயிறு அசைவதை உணர வேண்டும். பாதுகாப்புக்கு நானும் மேலும் இரண்டு ஆசிரியர்களும் இருப்போம். அனுமதிக் கடிதத்தைத் திங்கட்கிழமை பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புகிறேன். பெற்றோர் கையொப்பமிட்டு, பழைய உடையும் ரப்பர்க் காலணி ஒரு சோடியும் எடுத்துவைக்கவும். கைப்பேசி வேண்டாம்.