பிறக்கும் முன்பே எழுந்த மதில்

"மேடம், பேபிக்கு பிளட் பிரெயின் பேரியர் இன்னும் முழுசா ஃபார்ம் ஆகல. அதான் பிலிருபின் மூளைக்குள்ள போயிடுது."

பச்சிளம் குழந்தைகள் வார்டில் ரவுண்ட்ஸ் போகும்போது, ஒவ்வோர் ஆண்டும் புதிதாக வரும் பயிற்சி மருத்துவர்களில் ஒருவராவது இதைச் சொல்லிவிடுவார். மஞ்சள் காமாலைக்காக நீல விளக்கின் கீழே கண் கட்டிய குழந்தை படுத்திருக்கும். கதவோரம் நிற்கும் தாயின் முகம் சட்டென்று மாறும். என் பிள்ளையின் மூளைக்குக் காவலே இல்லையா என்று அவள் கேட்பதில்லை. கேட்காமலே எனக்குப் புரியும். 26 ஆண்டுகளாக இந்த வார்டில் இருக்கிறேன். அதில் பெரும்பகுதி நானும் அதே வாக்கியத்தைத்தான் சொல்லிக்கொடுத்தேன். அது தவறு. நம் வகுப்பறைகளிலிருந்து அதை நீக்க வேண்டும்.

என் எண்ணத்தை மாற்றியவை மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய நரம்பியல் ஆய்வாளர் நார்மன் சாண்டர்ஸின் கட்டுரைகள். முதலில் இங்கிலாந்திலும் பிறகு ஆஸ்திரேலியாவிலுமாகப் பல பத்தாண்டுகள் அவர் கேட்டது ஒரே கேள்வி: கருவில் வளரும் மூளைக்கு, பிளட் பிரெயின் பேரியர் என்னும் இந்த மதில் எப்போது எழுகிறது? அவருடன் நெடுங்காலம் உழைத்தவர் கதர்சினா ஜெகியெலெவ்ஸ்கா.

முதலில் செம்மறியாட்டின் கருவில் ஆராய்ந்தவர்கள் பின்னர் தேர்ந்துகொண்ட விலங்கு, தென் அமெரிக்காவின் ஒபோசம். எலி அளவே இருக்கும் பைப்பாலூட்டி இனம். இரண்டு வாரம் மட்டுமே வயிற்றில் சுமந்து குட்டி போடும். பிறக்கும் குட்டி நெல்மணியைவிடச் சற்றே பெரிது. அதன் மூளை அப்போதுதான் உருவாகத் தொடங்கியிருக்கும். மனிதக் கருவில் ஆரம்ப மாதங்களில் நடப்பது இங்கே தாயின் வயிற்றுக்கு வெளியே கண்ணெதிரில் நடக்கிறது. அந்தக் குட்டியின் ரத்தத்தில் அடையாளமிட்ட மிகச் சிறு மூலக்கூறுகளைச் செலுத்தி, நுண்ணோக்கியில் பார்த்தார்கள். மூளைக்குள் ஓடும் ரத்தக் குழாய்களைவிட்டு அவை வெளியே கசியவில்லை. ரத்தக் குழாய் மூளைக்குள் நுழையும்போதே அதன் செல்கள் இறுக்கமாகப் பிணைந்துவிடுகின்றன. மதில் பிறகு வருவதில்லை, குழாயோடு சேர்ந்தே வருகிறது.

என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது வேறொன்று. கருவின் மூளைத் தண்டுவட நீரில் புரதம் மிக அதிகம். மதில் ஒழுகுகிறது என்பதற்கு அதையே சாட்சியாகச் சொல்லிவந்தார்கள். சாண்டர்ஸ் குழு கண்டது அதற்கு நேர் எதிரானது. அந்த நீரைச் சுரக்கும் திசுவில் குறிப்பிட்ட சில செல்கள் குறிப்பிட்ட புரதங்களைத் தேர்ந்தெடுத்துக் கடத்துகின்றன. அப்படி நீருக்குள் வந்த புரதமும் மூளைத் திசுவுக்குள் புகுவதில்லை. மூளை அறைகளின் உட்சுவரில் அந்த வயதில் மட்டும் ஒரு பிணைப்பு இருக்கிறது. வளர்ந்த பின் அது மறைந்துவிடும். அதாவது, உங்களிடமும் என்னிடமும் இல்லாத ஒரு மதில் கருவின் மூளையில் உண்டு! இதைப் போய் முழுமை பெறாதது என்று எப்படிச் சொல்வது?

கருவின் மதில் ஒழுகுகிறது என்று காட்டிய பழைய சோதனைகள் ஏன் தவறின? சொட்டுக் கணக்கில் ரத்தம் உள்ள உயிருக்குள் அளவுமீறிச் சாயத்தைச் செலுத்தினால் நுண்குழாய்கள் தாங்காது. 1920இலேயே விஸ்லோக்கி என்ற ஆய்வாளர், கினிப்பன்றிக் கருவில் டிரைபன் நீலத்தைச் செலுத்தி, மூளையில் சாயம் ஏறவில்லை என்று பதிவு செய்திருந்தார். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்தத் தடுப்புக்கு 1921இல் ஜெனீவாவில் பெயர் சூட்டிய லினா ஸ்டெர்ன்கூட, சில விலங்குகளின் குட்டிகளில் மூளைக்குள் பொருள் புகுவதையும், கினிப்பன்றிக் குட்டியில் புகாததையும் பதிவு செய்தார்.

அப்படியானால் காமாலையின் மஞ்சள் நிறமியான பிலிருபின் எப்படி உள்ளே போகிறது? ரத்தத்தில் அது ஆல்புமின் என்ற புரதத்தைப் பற்றிக்கொண்டு சுற்றுகிறது. பற்றாமல் தனித்து நிற்கும் சிறு பங்கு கொழுப்பில் கரையக்கூடியது. செல்லின் சவ்வையே கடந்துவிடும், ஓட்டை தேவையில்லை. பிறவியிலேயே பிலிருபினை வெளியேற்ற இயலாத கிரிக்லர்-நஜ்ஜார் நோய் உள்ளவர்களுக்கு வளர்ந்த பிறகும் இதே மூளைச் சேதம் வருவதுண்டு. அவர்களுடைய மதிலையும் முற்றாதது என்பீர்களா?

இது வெறும் சொல் தகராறு அல்ல. 1956இல் நியூயார்க்கில் குழந்தை மருத்துவர் வில்லியம் சில்வர்மனும் அவருடைய சகாக்களும் குறைமாதக் குழந்தைகளுக்குத் தொற்று வராமல் தடுக்க இரு வகை மருந்துகளை ஒப்பிட்டார்கள். பெனிசிலினோடு சல்ஃபா மருந்து பெற்ற குழந்தைகளில் மரணம் கூடுதல். மூளையில் மஞ்சள் படிந்திருந்ததும் கூடுதல். சல்ஃபா, ஆல்புமினிலிருந்து பிலிருபினைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் தான் ஒட்டிக்கொள்கிறது என்பது பின்னர் தெரியவந்தது. மஞ்சள் கண்ட பச்சிளம் குழந்தைக்கு செஃப்ட்ரியாக்ஸோன் என்ற ஆன்டிபயாட்டிக்கைத் தவிர்ப்பதும் இதே காரணத்தால்தான். மதில் சரியில்லை என்று அன்று சொல்லி முடித்திருந்தால், மருந்துச் சீட்டின் பக்கம் யார் கண்ணும் போயிருக்காது.

சிசுவின் மூளையும் பெரியவர்களின் மூளையும் ஒன்றே என்று சாண்டர்ஸ் சொல்லவில்லை. மருந்துகளை வெளியே தள்ளும் பம்புகளின் அளவு வயதுக்கு வயது மாறுகிறது. அமினோ அமிலங்களை உள்ளே இழுக்கும் வாயில்கள் வளரும் மூளையில் அதிகம் திறந்திருக்கின்றன. ஆகவே ஒவ்வொரு மருந்துக்கும், ஒவ்வொரு மாதத்துக்கும் தனியாகக் கேட்க வேண்டும். கர்ப்பிணிக்கு வலிப்பு மாத்திரை எழுதும்போதும் அப்படித்தான். வால்புரோயேட் கருவுக்குக் கெடுதல் என்பது உறுதியானது. அதைக் கேட்டுவிட்டு எல்லா மாத்திரையையும் தானாக நிறுத்தும் பெண்ணுக்கு வலிப்பே எமனாகலாம். திருவனந்தபுரத்தில் 1998 முதல் வலிப்புள்ள கர்ப்பிணிகளைப் பதிவேடு வைத்துத் தொடர்கிறார்கள். அந்தப் பொறுமையான வேலை தமிழ்நாட்டிலும் மருந்து மருந்தாக நடக்க வேண்டும் என்பது என் கோரிக்கை.

என் வார்டில் இப்போது அந்தப் பழைய வாக்கியத்தை யாரையும் சொல்ல விடுவதில்லை. ஆல்புமின் எவ்வளவு, என்ன மருந்து போகிறது, ரத்த அணு ஏன் உடைகிறது என்று கேட்கச் சொல்கிறேன். போன வாரம் ஒரு பயிற்சி மருத்துவர், கதவோரம் நின்ற பாட்டியிடம் தானாகவே போய்க் கேட்டார்: "பாட்டி, பாப்பா துணி வெச்ச பெட்டியில அந்துருண்டை போட்டிருந்தீங்களா?"

போட்டிருந்தார்கள். ஜி6பிடி நொதி குறைந்த குழந்தைக்கு அந்துருண்டை ரத்த அணுக்களை உடைத்துவிடும். அந்தப் பரிசோதனைக்கு அன்றே ரத்தம் அனுப்பினோம்.