கைபடாத நோட்டுக்கு என்ன வரலாறு?

நோட்டு சேகரிக்கிறவர்களோடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. பொழுதுபோக்கு அவரவர் இஷ்டம், அதில் நான் தலையிடவில்லை. ஆனால் ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டே "இதெல்லாம் வரலாறு" என்கிறார்களே, அங்கேதான் எனக்கு எரிகிறது.

வாழைமர நோட்டையே எடுத்துக்கொள்வோம். ஜப்பானியர் ஆட்சியில் மலாயாவில் புழங்கியது. பத்து வெள்ளி நோட்டில் வாழைமரம் இருந்ததால் வந்த பெயர். மலாய்க்காரர்களுக்கு டூவிட் பீசாங். விற்கிறவரிடம் விசாரித்தால் முதல் வார்த்தையே 'யூஎன்சி'தான். மடிப்பில்லை, கறையில்லை, புழக்கத்துக்கே போகவில்லை என்று அர்த்தம். கசங்கி, கிழிந்து, பின்னால் தாள் ஒட்டிய நோட்டுக்கு 'ஃபில்லர்' என்று பேர். நல்லது கிடைக்கும்வரை ஆல்பத்தில் இடத்தை அடைத்து வைக்க மட்டும். ஆக, யாருடைய கூலியாகவும் இருந்திராத நோட்டுக்குத்தான் விலை அதிகம். என்ன கணக்கு இது?

1942இல் வந்த முதல் நோட்டுகளில் வரிசை எண் இருந்தது. பிறகு எழுத்துகள் மட்டும்தான். எண் போடுவதையே விட்டுவிட்டால் எத்தனை அடித்தார்கள் என்று யார் எண்ணுவது? அரிசி விலை ஏற ஏற நோட்டின் மதிப்பு கரைந்தது. 1945இல் ஆயிரம் வெள்ளி நோட்டே வந்துவிட்டது. அந்தச் செப்டம்பரில் திரும்பி வந்த பிரிட்டிஷார் ஒரே அறிவிப்பில் எல்லாவற்றையும் செல்லாக்காசாக்கினார்கள். கடன் கொடுத்தவர், வாங்கியவர் வழக்குக்காவது 1948இல் ஒரு சட்டம் வந்தது, எந்தக் காலத்து ஜப்பான் வெள்ளிக்கு எவ்வளவு மதிப்பு என்று அட்டவணை போட்டு. மடியில் கூலியை முடிந்து வைத்திருந்தவர் எந்த அட்டவணையைக் காட்டுவார்?

1945இல் வந்த நூறு வெள்ளி நோட்டு ஒன்றில் ரப்பர் தோட்டமும் தொழிலாளர்களும் இருக்கிறார்கள். அதே தோட்டங்களிலிருந்துதான் பல்லாயிரம் தமிழர்களை 415 கிலோமீட்டர் சயாம் ரயில்பாதைக்கு ஏற்றிப் போனார்கள், நாளுக்கு ஒரு வெள்ளி கூலி என்று ஆசை காட்டி. உயிரோடு திரும்பியவர் கையில் அந்த நோட்டு இருந்திருந்தால் அதில் மடிப்பு இருக்காதா, வியர்வை இருக்காதா? நம் ஆள் அதைப் பார்த்து "கண்டிஷன் சரியில்லை" என்பார்.

இது இங்கே மட்டும் உள்ள வியாதி இல்லை. ஹங்கேரியில் 1946இல் பெங்கோ சரிந்தபோது அச்சடித்து, வெளியிடாமலே விட்ட நோட்டு ஒன்று உண்டு. 1க்குப் பின்னால் 21 பூஜ்யம். ஒரு ரொட்டிகூட வாங்காத அந்தக் காகிதத்துக்குத்தான் சேகரிப்பவர்களிடம் ஏக மவுசு. ஜிம்பாப்வேயின் 100 டிரில்லியன் நோட்டுக்கு 2015இல் அந்நாட்டு மத்திய வங்கி கொடுத்தது 40 அமெரிக்க சென்ட். இன்று அதைப் பல மடங்கு விலைக்கு வாங்கி, பூஜ்யத்தை எண்ணிக்காட்டிச் சிரிக்கிறார்கள். சேமிப்பைப் பறிகொடுத்தவர்களுக்கு அதில் சிரிக்க என்ன இருக்கு?

கைபடாத நோட்டில்தான் அச்சு வேலையின் நுணுக்கம் தெரியும் என்பார்கள். சரி, அச்சுத்தொழிலைப் படிக்க அது போதும். ஆனால் என் வேலையில் ஒரு பேரிங் ஏன் போனது என்று தெரிய, தேய்ந்த பேரிங்கைத்தான் மேசையில் வைப்போம். பெட்டி பிரிக்காதது ஸ்டோரிலேயே கிடக்கும்.

பாட்டியின் இரும்புப்பெட்டியில் ஜப்பான் நோட்டு இருந்தால் கழுவாதீர்கள், இஸ்திரி போடாதீர்கள். எந்தத் தோட்டம், யார் கையிலிருந்து வந்தது என்று கேட்டு, ஒரு தாளில் எழுதி அதோடு சேர்த்து வையுங்கள். விலை பேச வருகிறவர் முதலில் அந்தத் தாளைப் படிக்கட்டும்.