நெல்லி வற்றலும் அதன் ஜீவசத்தும்

தமிழ்நாட்டின் மானாவாரி நிலங்களில் சக்கையா, என்.ஏ. 7, பி.எஸ்.ஆர். 1 முதலிய பெருங்காய் நெல்லி இனங்கள் பயிராகி வருகின்றன. காய் ஒருசேர வந்து விலை விழும் நாட்களில், விற்காது எஞ்சியதை வற்றலாக்குவது குடியானவருக்குக் கைகண்ட வழியாகும். ஆனால் வற்றல் போடுதல் என்பது காயிலுள்ள நீரைப் போக்குதல் மாத்திரமே என்ற எண்ணம் பலரிடம் வேரூன்றியிருக்கிறது. இது திருத்தப்பட வேண்டிய எண்ணம்.

நெல்லிக்குப் பெருமை தருவது அதிலுள்ள ‘ஸி’ ஜீவசத்து. 1939-40-ல் ஹிசார் ஜில்லாவில் பஞ்சம் நேர்ந்தபொழுது, அச்சத்துக் குறைவினால் உண்டாகும் ஸ்கர்வி நோயைப் போக்க நெல்லி பயன்பட்டது. உஷ்ணம், ஒளி, காற்று ஆகிய மூன்றும் இச்சத்தைக் கெடுக்கும். நீரிலும் இது கரைந்து போகும். செம்பும் இரும்பும் பட்டால் கேடு விரைவுபடும். நாரும் தாதுப்பொருள்களும் எம்முறையில் உலர்த்தினும் பெரும்பாலும் நிலைத்திருக்கும். ஆகவே முறைக்கு முறை பெரிதும் வேறுபடுவது ஜீவசத்தேயாம். அது குறைந்ததை எடையைக் கொண்டு அறிய இயலாது.

காயைக் கொதிநீரில் வேகவைத்துச் சுளை பிரித்தபின் அந்நீரைக் கொட்டிவிடுவது வழக்கம். அந்நீரோடு சத்தில் ஒரு பங்கும் போய்விடுகிறது. சிறிது நேரம் ஆவியில் வைத்தாலும் சுளை பிரியும், இழப்பும் குறையும். பின்னர்ச் சுளைகளைத் திறந்த களத்திலோ பாதையோரத்திலோ பல நாள் வெயிலில் பரப்பினால் ஒளியும் காற்றும் சேர்ந்து சத்தை அழிப்பதோடு புழுதியும் படிகிறது. நிழலில் உலர்த்துவது மேல். எனினும் ஈரக்காற்றுள்ள நாட்களில் நாள் நீண்டு பூசணம் பிடிக்கும். நெல்லியின் துவர்ப்புப்பொருள் சத்தை ஓரளவு காக்குமாயினும், அதை நம்பி அசட்டையாயிருத்தல் தகாது.

ஒளி நேரே படாமல், சூடேறிய காற்று தட்டுகளினூடே சென்று வெளியேறும் உலர்த்துக் கூண்டே நடுத்தரமான நல்ல வழி. உஷ்ணம் 55 முதல் 60 டிகிரி சென்டிகிரேடுக்குள் இருத்தல் நலம். உறையவைத்து வெற்றிடத்தில் உலர்த்தும் முறை சத்தை மிக நன்றாகக் காப்பதே. ஆயினும் அதன் செலவு சிறு குடியானவரால் தாங்கத்தக்கதன்று.

கூண்டுக்கும் செலவுண்டு என்பர். அது மெய்யே. ஆனால் இதைக் காட்டிலும் பெரிய தடை ஒன்றுண்டு. நிறத்தையும் எடையையும் பார்த்தே விலை பேசப்படும் சந்தையில், கவனமாய் உலர்த்தியவனுக்கும் பாதையோரத்தில் பரப்பியவனுக்கும் கிடைப்பது ஒரே விலை. அப்படியிருக்க, உழவன் மாத்திரம் ஏன் சிரமப்பட வேண்டும்?

ஆதலின் கூண்டைத் தனியொருவர் வாங்குவதைவிட, உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் கூட்டுறவுச் சங்கங்களும் பொதுவில் அமைப்பதே தகும். ஒவ்வொரு தொகுதி வற்றலிலும் சிறிதெடுத்து ஜீவசத்தைச் சோதித்து, அவ்வளவைக் குறித்தே மருந்து செய்வோருக்கும் உணவுப்பொருள் செய்வோருக்கும் விற்க வேண்டும். சத்துக்கு விலை கிடைக்குமானால் முறை தானே திருந்தும்.

உலர்ந்த வற்றலைக் காற்றுப்புகாத கலத்தில், இருளும் குளிர்ச்சியுமுள்ள இடத்தில் வைத்தல் அவசியம். அங்கும் மாதங்கள் செல்லச் செல்லச் சத்துக் குறையுமாதலால் உலர்த்திய தேதியைக் கலத்தின்மேல் எழுதுதல் முறை. மரத்தில் ஆண்டு முழுதும் பாடுபட்டுச் சேர்த்ததைக் களத்தில் சில நாட்களில் இழப்பது சிக்கனமாகாது.