தொங்கும் படகுக்கும் ஒரு தேதி உண்டு

ஹைதராபாத்துக்குக் கடல் இல்லை. இருந்தும் இரண்டாம் உலகப் போரில் அந்த ஊரோடு பெயர்த் தொடர்பு கொண்ட இரண்டு போர்க்கப்பல்கள் கடலில் ஓடின. ஒன்று ஆஸ்திரேலியக் கடற்படையின் ‘நிஜாம்’ என்ற நாசகாரிக் கப்பல். ஹைதராபாத்தை ஆண்ட ஏழாம் நிஜாம் மீர் உஸ்மான் அலி கானின் பட்டப்பெயர்தான் அது. ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்கில், ஜான் பிரவுன் கட்டுதளத்திலிருந்து 1940 ஜூலையில் நீரில் இறங்கியது. இன்னொன்று பிரிட்டிஷ் கடற்படையின் ‘ஹைதராபாத்’. மலர்ப் பெயர்கள் சூட்டப்பட்ட கொர்வெட் வரிசையில் ‘நெட்டில்’ என்று பெயரிட இருந்த கப்பலுக்குப் பெயரை மாற்றி, அபர்டீனில் 1941இல் இறக்கினார்கள். ஹைதராபாதில் கப்பல் மாதிரி செய்கிறவர்களுக்கு இந்த இரண்டும் சொந்த வீட்டுக் கப்பல்கள் மாதிரி. இந்த இதழுக்கு வரும் மாதிரிப் படங்களிலும் இவையும் இவற்றின் சகோதரக் கப்பல்களும் அடிக்கடி தலைகாட்டுகின்றன.

அந்தப் படங்களைப் பார்க்கும்போது ஒரு குறை திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. பீரங்கிக் குழாயின் வாயைத் துளைத்திருக்கிறார்கள், கைப்பிடிக் கம்பிகளை நேர்த்தியாக நிறுத்தியிருக்கிறார்கள், பாய்மரக் கயிறுகள் பிசிறில்லாமல் ஓடுகின்றன. கப்பலின் சிறு படகுகளுக்கு வரும்போது மட்டும் கை சோர்ந்துவிடுகிறது. பெட்டியில் வந்த படகை அப்படியே வண்ணம் பூசி ஒட்டிவிடுகிறார்கள். இல்லையென்றால் எட்சிங் தகட்டில் இருக்கும் துண்டுகளை எல்லாம் பெயர்த்துப் படகுக்குள் நிரப்புகிறார்கள். இரண்டாவது வகையைத்தான் போட்டிகளில் பாராட்டுகிறோம். என் பார்வையில் இரண்டும் ஒரே தவறு. அந்தப் படகு அன்றைக்கு என்ன வேலையில் இருந்தது என்று யாரும் கேட்கவில்லை.

‘நிஜாம்’ கப்பலையே எடுத்துக்கொள்வோம். 1941 மே மாதக் கடைசியில் கிரீட் தீவு நேச நாட்டுப் படைகளின் கையை விட்டுப் போனபோது, தென்கரையில் ஸ்பாக்கியா என்ற சிறு கிராமத்துக் கடலோரத்தில் ஆயிரக்கணக்கான வீரர்கள் மீட்புக் கப்பல்களுக்காகக் காத்திருந்தார்கள். கப்பல் அணையத் துறைமுகம் இல்லை. இருட்டில் வந்து, கரைக்குச் சற்றுத் தள்ளி நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு, ஜெர்மன் விமானங்கள் வானில் ஏறுவதற்குள் விலகிவிட வேண்டும். மே 30 இரவு அங்கே போன ‘நிஜாம்’, அதன் சகோதரக் கப்பல் ‘நேப்பியர்’ இரண்டும் சேர்ந்து 1,400 பேருக்கு மேல் ஏற்றி வந்தன. கரைக்கும் கப்பலுக்கும் இடையே அந்த ஆட்களைச் சுமந்தவை இறங்குபடகுகளும் கப்பல்களின் சொந்தப் படகுகளும்தான். பீரங்கிகளைவிட அன்று அந்த மரப்படகுகளுக்குத்தான் வேலை அதிகம்.

அந்த இரவின் ‘நிஜாமை’ ஒருவர் மாதிரியாகச் செய்கிறார் என்றால், படகுகள் அவற்றின் இடத்தில் தொங்கக் கூடாது. படகைத் தூக்கி இறக்கும் வளைந்த இரும்புக் கைகளான டேவிட்டுகள் வெளிப்புறம் திரும்பி வெறுமையாக நிற்க வேண்டும். அவற்றிலிருந்து இறங்கும் கயிறுகள் நீர்மட்டம் வரை போய், அடியில் கப்பியும் கொக்கியும் தெரிய வேண்டும். பக்கவாட்டில் ஏறுவலை தொங்க, அதையொட்டி ‘வேலர்’ என்னும் துடுப்புப் படகு நின்றால் போதும். உள்ளே ஒரு துண்டும் சேர்க்காமல் வெறும் டேவிட்டை வைத்தே ஒரு சரித்திரத்தைச் சொல்லிவிடலாம். நான் கேட்கும் நுணுக்கம் இந்த வகையைச் சேர்ந்தது.

சாதாரண ரோந்து நாள் என்றால் காட்சி வேறு. பிரிட்டிஷ் வகை நாசகாரிகளில் 27 அடி வேலர் படகைக் கடலில் எந்நேரமும் இறக்கத் தயாராக வைத்திருப்பார்கள். ஆள் தவறி விழுந்தால் முதலில் இறங்குவது அதுதான். தயார்நிலையில் இருக்கும் படகு டேவிட்டோடு வெளிப்புறம் திரும்பியிருக்கும். கப்பல் உருளும்போது படகு ஊசலாடி மோதாமலிருக்க, அகன்ற கித்தான் பட்டைகள் அதைக் குறுக்கும் நெடுக்குமாகப் பெருக்கல் குறி வடிவில் அணைத்து, உள்பக்கம் இருக்கும் ஒரு கழியோடு இறுக்கிப் பிடித்திருக்கும். இரு டேவிட்டுகளின் தலைகளையும் இணைக்கும் கம்பியிலிருந்து முடிச்சுப் போட்ட உயிர்க்கயிறுகள் தொங்கும். படகு இறங்கும்போது ஆட்கள் தங்கள் எடையை அவற்றில் தாங்கிக்கொள்வார்கள். நமக்கு வரும் மாதிரிகளில் பெரும்பாலானவற்றில் பட்டையும் இல்லை, உயிர்க்கயிறும் இல்லை. படகு இரண்டு நூலில் அந்தரத்தில் தொங்குகிறது. 1945 தொடக்கத்தில் மேற்கு ஆஸ்திரேலியாவின் லீவின் முனைக்கு அப்பால் ஒரு பேரலை ‘நிஜாமை’ 75 டிகிரி வரை சாய்த்தது; பத்து மாலுமிகள் கடலில் போனார்கள். அப்படிச் சாயக்கூடிய கப்பலில் அணைப்புப் பட்டை இல்லாத படகு ஒரு நாள் தங்காது.

படகின் அமைப்புக்கு வருவோம். இந்த வேலருக்கு அணியமும் கடையும் இரண்டுமே கூர். நீளம் 27 அடி, அகலம் 6 அடி. பக்கப் பலகைகள் ஒன்றன் விளிம்பின்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கும். துடுப்பு ஐந்து, வலப்பக்கம் மூன்று, இடப்பக்கம் இரண்டு. இந்தக் கணக்குத் தெரியாமல் பக்கத்துக்கு மூன்றாக ஆறு துடுப்பு வைத்த மாதிரிகளைப் பார்த்திருக்கிறேன். பார்த்துக் கற்க இங்கிலாந்து போக வேண்டியதில்லை. நம் நாட்டு என்.சி.சி. கடற்படைப் பிரிவு மாணவர்கள் துடுப்பு வலித்துப் பழகும் டி.கே. வேலர் இதே குடும்பம். உள்ளே இருக்கும் குறுக்குப் பலகைகள், மாலுமி கால் உதைத்துக்கொள்ளும் கட்டைகள், துடுப்பைத் தாங்கும் இரும்புக் கவைகள், தரைப்பலகைகள், சுக்கான் மாட்டும் கொண்டிகள் எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்கலாம். என்.சி.சி.யில் இருந்த நண்பரோ, மகனோ, மகளோ உங்களுக்கு இருந்தால் ஒரு டேப்பும் கேமராவும் கொடுத்து அனுப்புங்கள். அனுமதி வாங்கி நீங்களே போனால் இன்னும் நல்லது.

இனி அளவுக் கணக்கு. 1:350இல் அந்த வேலர் 23.5 மி.மீ. நீளம், 5.2 மி.மீ. அகலம். பக்கப் பலகை அரை அங்குலத் தடிப்பு என்று வைத்தால், பலகைக்குப் பலகை வரும் படி 0.036 மி.மீ. இது ஒரு கோட் பெயின்ட்டிலேயே மூழ்கிப்போகும். ஆனால் பிளாஸ்டிக் பெட்டிகளில் வரும் படகுகளில் இந்தப் படி பத்து மடங்கு தடித்து, ஓட்டுக்கூரை மாதிரி இருக்கிறது. அதை 1000 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, பக்கவெளிச்சத்தில் மட்டும் தெரிகிற அளவுக்குக் கொண்டுவாருங்கள். நுணுக்கத்தைக் குறைப்பதும் நுணுக்க வேலைதான். விளிம்பு தடித்திருப்பது அடுத்த சிக்கல். படகு முழுவதையும் மெலிதாக்கப் போனால் உடையும். உள்பக்கத்தை மேல்விளிம்பில் மட்டும் சரிவாகச் சீவினால் போதும். கண் அந்த விளிம்பைத்தான் பார்க்கிறது.

குறுக்குப் பலகைகள் 8 அங்குல அகலம் என்றால் 0.58 மி.மீ., ஒரு அங்குலத் தடிப்பு என்றால் 0.07 மி.மீ. சாதாரண ஜெராக்ஸ் தாள் ஏறத்தாழ 0.1 மி.மீ. இருக்கும். அதைவிட மெல்லிய தாளைச் சூப்பர் குளூவில் நனைத்து விறைக்க வைத்து, புது பிளேடால் வெட்டினால் பிசிறு வராது.

துடுப்பில்தான் பலரும் சறுக்குகிறார்கள். எட்சிங் தகட்டில் வரும் துடுப்பு தட்டையானது. பக்கவாட்டில் பார்த்தால் ரிப்பன். உண்மைத் துடுப்பின் தண்டு உருண்டை, இலை மட்டும் தட்டை. 16 அடித் துடுப்பு 1:350இல் 14 மி.மீ. நீளமும் 0.18 மி.மீ. தடிப்பும் வரும். 36 அல்லது 38 கேஜ் எனாமல் செம்புக் கம்பி கிட்டத்தட்ட அதே அளவு. செகந்திராபாத் ராணிகஞ்ச் பக்கம் மோட்டார் காயில் கட்டும் கடைகளில் கேட்டால் வாழ்நாளுக்குப் போதுமான கம்பி கிடைக்கும். கம்பியை இரு முனையும் இறுக்கிப் பிடித்து லேசாக இழுத்தால் கோணல் போய் நேராகும். ஒரு முனையை வழவழப்பான இரும்புத் துண்டின் மேல் வைத்துச் சின்னச் சுத்தியால் இரண்டு தட்டு. இலை தானாக விரியும். எனாமலைச் சுரண்டாமல் மேலேயே பிரைமர் அடியுங்கள். ஐந்து துடுப்பையும் ஒரே சீராக அடுக்காமல், இலைகள் அணியத்தை நோக்க, குறுக்குப் பலகைகளின் மேல் நீளவாக்கில் கிடத்துங்கள். 1:72இல் வேலை செய்கிறவர்களுக்குக் கம்பி தேவையில்லை. மூங்கில் சிம்பைத் தட்டாரின் கம்பியச்சில் துளைக்குத் துளை இழுத்தால் அருமையான தண்டு வரும்.

தட்டார் என்றதும் கரீம்நகர் நினைவுக்கு வருகிறது. ஹைதராபாதுக்கு வடக்கே, அதே தெலங்கானாவில், வெள்ளிக் கம்பியில் பூவேலை செய்யும் கைவினைஞர்கள் இன்றும் இருக்கிறார்கள். மெல்லிய இரண்டு கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கி, பிறகு தட்டையாக நசுக்குவார்கள். ஓரத்தில் மணி கோத்தது போன்ற வரிசை எழும். இந்தக் கையோட்டம் நமக்கு நேரடியாகப் பயன்படும். நசுக்காமல் முறுக்கிய கம்பி அப்படியே கயிறு. கார்லி உயிர்காப்பு மிதவையைச் சுற்றி வளைவு வளைவாகக் கட்டிய பிடிகயிறு, படகின் பக்கம் காக்கும் கயிற்று அணை, தளத்தில் சுருட்டி வைத்த கயிற்றுச் சுருள் எல்லாமே அதில் வரும். வெளிநாட்டிலிருந்து தருவிக்கும் ரெசின் கயிற்றுச் சுருளுக்குக் கொடுக்கும் பணத்தில், கரீம்நகர் போய் ஒரு பட்டறையில் அரை நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டு வரலாம்.

‘ஹைதராபாத்’ கொர்வெட்டுக்கு அணுகுமுறையே வேறு. இந்த வகைக்கு மேட்ச்பாக்ஸ் முதலில் வெளியிட்டு ரெவல் தொடரும் 1:72 பெட்டி இருப்பதால், நம்மவர்கள் அதைத்தான் எடுக்கிறார்கள். கப்பலுக்குக் கப்பல் முன்தளத்தின் நீளம், பாய்மரத்தின் இடம் எல்லாம் மாறும் என்பதால் முதலில் அவற்றைச் சரிபாருங்கள். இந்தக் கப்பல் 1942 டிசம்பரில் ரஷ்யாவுக்குச் சரக்கு கொண்டுபோன ஜே.டபிள்யூ. 51பி தொடரணிக்குக் காவல் போனது. அந்த மாதம் 31ஆம் தேதி பேரண்ட்ஸ் கடலில், ‘ஹிப்பர்’, ‘லூட்சோவ்’ என்ற ஜெர்மன் பெருங்கப்பல்களோடு நடந்த சண்டையில் அந்த அணியோடு இருந்தது. துருவக் குளிரில் படகு திறந்த வாயோடு கிடந்தால் பனி நிறைந்து பனிக்கட்டியாகும். கித்தான் மூடி போட்டு இறுகக் கட்டியிருப்பதுதான் அங்கே இயல்பு. அப்படியானால் உள்ளே செய்யும் வேலை அத்தனையும் வீண். மூடியைத்தான் நன்றாகச் செய்ய வேண்டும். நடுவில் நீளக் கழி ஒன்றை வைத்து, மெல்லிய டிஷ்யூ தாளைத் தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் நனைத்துப் போர்த்தினால், காயும்போது தாளே இறுகி, கழியிலிருந்து விளிம்பு வரை சரிவும் இடையிடையே தொய்வும் வரும். விளிம்புக்குக் கீழே கட்டுக்கயிறுகளின் இடைவெளி சீராக இருக்கட்டும்; அது மாலுமியின் கைவேலை, அவர் அதைச் சீராகத்தான் செய்வார். பனியை மூடியின் மேல் கொட்டிக் குவிக்காதீர்கள். அலைத்திவலை உறையும் இடம் காற்றைப் பார்க்கும் பக்கம். அங்கே கொஞ்சம், மறுபக்கம் அதைவிடக் குறைவு.

ஹைதராபாத் கோடை பற்றியும் ஒரு வார்த்தை. ஏப்ரல், மே மாதங்களில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது காற்றில் ஈரம் வற்றிவிடும். சூப்பர் குளூ இறுகுவதற்கு அந்த ஈரம்தான் தேவை. சென்னைக்காரருக்கு நொடியில் பிடிக்கும் பசை தக்காணத்துக் கோடையில் தாமதிப்பதும், பொறுமையிழந்து இன்னொரு சொட்டு வைத்துப் படகையே மூழ்கடிப்பதும் அதனால்தான். மேசை அருகே அகன்ற தட்டில் தண்ணீர் வையுங்கள். அக்ரிலிக் வண்ணம் தூரிகை நுனியிலேயே காய்ந்தால் ரிடார்டர் சேருங்கள். நுண்வேலையை அதிகாலைக்கு மாற்றுங்கள்.

கடைசியாக நடுவர்களுக்கு. கண்காட்சிகளில் படகுக்குத் தரும் மதிப்பெண்ணை உள்ளே எத்தனை துண்டுகள் இருக்கின்றன என்பதை வைத்துப் போடுவதை விட்டுவிடுங்கள். செய்தவரிடம் கப்பலின் தேதியைக் கேளுங்கள், துறைமுகத்திலா கடலிலா என்று கேளுங்கள், பிறகு படகைப் பாருங்கள். மூடியோடு இருக்கும் படகும் காலியான டேவிட்டும் முழு மதிப்பெண் பெறத் தகுந்தவை. இந்த இதழும் அடுத்த இதழிலிருந்து அதையே பின்பற்றும். மாதிரிப் படம் அனுப்புகிறவர்கள் கப்பலின் பெயரோடு மாதமும் ஆண்டும் எழுதி அனுப்புங்கள். படகுகளை மட்டும் நெருக்கத்தில் எடுத்த இரண்டு படங்கள் தனியாக வேண்டும்: ஒன்று மேலிருந்து, ஒன்று நீர்மட்டத்திலிருந்து, பக்கத்தில் மில்லிமீட்டர் அளவுகோல் வைத்து.