இல்ம் என்னும் சொல்லும் விஞ்ஞானம் என்னும் சொல்லும்



தாண்டிக்குடியில் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து வெளியே வந்தபோது, காப்பித் தோட்டத்தில் பணிபுரியும் சகோதரர் ஒருவர் என் கையைப் பற்றிக்கொண்டு நின்றார். அவருடைய மகள் பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண்களுடன் தேறியிருந்தாள். மேல்நிலை வகுப்பில் விஞ்ஞானப் பிரிவில் சேர வேண்டும் என்பது அவளது விருப்பம்.

“ஹஜ்ரத், மார்க்கக் கல்விதானே இல்ம்? இந்தத் துன்யாப் படிப்பு அதில் சேருமா? சேராது என்றால் பிள்ளையை இத்துடன் நிறுத்திவிடலாம் என்று பார்க்கிறேன்” என்றார்.

எனக்கு உடனே விடை சொல்ல நா எழவில்லை. காரணம், அவர் கூறியது என் சொல்லே. மதரஸாவுக்கு வரும் பிள்ளைகளிடம், “இங்கே ஓதுவது இல்ம், பள்ளிக்கூடத்தில் படிப்பது படிப்பு” என்று பல ஆண்டுகள் சொல்லி வந்தவன் நான். அச்சொல் பிள்ளைகள் வழியே வீடுகளுக்குச் சென்று, இப்போது ஒரு பெண்ணின் படிப்புக்கே தடையாக வந்து நின்றது. “அடுத்த வாரம் சொல்கிறேன்” என்று அவரை அனுப்பிவிட்டு நூல்களைப் புரட்டலானேன்.

‘சயின்ஸ்’ என்னும் ஆங்கிலச் சொல் லத்தீன் மொழியின் ‘ஸியென்ஷியா’ என்பதிலிருந்து வந்தது. அதன் வேர்ப்பொருள் ‘அறிதல்’ என்பதே. இடைக்கால ஐரோப்பாவில் இறையியலும் அப்பெயரால்தான் வழங்கப்பட்டது. சோதித்து அறியும் இயற்கையறிவுக்கு மட்டும் உரியதாக அச்சொல் குறுகியது பிற்காலத்தில்தான். விஞ்ஞானியைக் குறிக்கும் ‘சயின்டிஸ்ட்’ என்னும் சொல்லோ இன்னும் இளையது. இங்கிலாந்தின் வில்லியம் ஹ்யூவெல் என்னும் அறிஞர் அதனை உருவாக்கினார். 1834ஆம் ஆண்டில் அது அச்சேறியது.

தமிழுக்கு வருவோம். ‘விஞ்ஞானம்’ வடமொழிச் சொல். ஞானம் என்பதற்கு முன் ‘வி’ சேர்ந்து, பகுத்தறியும் அறிவைக் குறித்தது. பழைய தத்துவ நூல்களில் அதற்குப் பொருள் இயற்பியலும் வேதியியலும் அல்ல. ‘சாஸ்திரம்’ என்றும் ‘விஞ்ஞானம்’ என்றும் வழங்கிய துறைக்குப் பின்னர் ‘அறிவியல்’ என்னும் தமிழ்ப் பெயர் நிலைபெற்றது. அறிவு, இயல் என்று பிரித்தால் அங்கும் அறிவே அடிப்படை.

இனி அரபு மொழியைப் பாருங்கள். ஐன், லாம், மீம் என்னும் மூன்று எழுத்துக்களே இல்மின் வேர். அறிந்தவர் ஆலிம், அவர்தம் பன்மை உலமா, கற்பிப்பவர் முஅல்லிம். அடையாளத்தைக் குறிக்கும் ‘அலாமத்’தும், உலகைக் குறிக்கும் ‘ஆல’மும் இம்மூன்று எழுத்துக்களைக் கொண்டவையே. படைத்தவனை அறிய உதவும் அடையாளம் என்பதால் உலகம் அப்பெயர் பெற்றது என்று மொழி நூலார் விளக்குவர். ஹதீஸ் கலை இல்முல் ஹதீஸ் எனப்படுவது போலவே, வானவியல் இல்முல் ஃபலக், மருத்துவம் இல்முத் திப். இன்றைய அரபுச் செய்தித்தாள்கள் இயற்பியல் அறிஞரையும் ஆலிம் என்றே எழுதுகின்றன. நம் ஊர்களில் அச்சொல்லைப் பள்ளிவாசல் அளவில் சுருக்கிக் கொண்டவர்கள் நாமே.

அப்படியானால் எல்லா இல்மும் ஒரே தரமா? இல்லை. தொழுகை, நோன்பு போன்றவற்றின் சட்டங்களை அறிவது ஒவ்வொருவர் மீதும் கடமை. அது ஃபர்ளு ஐன். சமுதாயத்தில் சிலரேனும் கற்றாக வேண்டும், எவருமே கற்காவிடில் அனைவரும் குற்றவாளிகள் என்பது ஃபர்ளு கிஃபாயா. ஹிஜ்ரி 505இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது ‘இஹ்யா உலூமித்தீன்’ நூலில் மருத்துவத்தையும் கணிதத்தையும் இந்த இரண்டாம் வகையில் சேர்த்துள்ளார்கள். அத்துடன், மருத்துவம் கற்ற முஸ்லிம் இல்லாத ஊர்கள் பல இருக்க, எல்லோரும் சட்டக் கலைக்கே முண்டியடிக்கிறார்களே என்று வருந்தியும் உள்ளார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு நம் மலையின் நினைவு வந்தது. பேறுகால வேதனையில் துடிக்கும் பெண்ணை வளைந்து வளைந்து இறங்கும் பாதையில் வத்தலக்குண்டு நோக்கிக் கொண்டு செல்லும் குடும்பங்களை நாம் அறிவோம். பெண்ணுக்குப் பெண் மருத்துவரே வேண்டும் என்கிறோம். அந்த மருத்துவர் எவருடைய மகளாக இருக்க வேண்டும் என்று எண்ணியதுண்டா?

விஞ்ஞானம் நமக்குத் தொலைவில் உள்ள பொருளும் அன்று. இதே பழனி மலைத்தொடரில், கொடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடத்தில்தான் 1909இல் ஜான் எவர்ஷெட் என்பவர் சூரியக் கரும்புள்ளிகளில் வாயுக்கள் நடுவிலிருந்து வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்தார். தாண்டிக்குடியிலேயே காப்பி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம் உண்டு. காப்பி என்னும் பெயரோ ‘கஹ்வா’ என்னும் அரபுச் சொல்லின் வழி வந்தது. ஏமன் நாட்டின் ஸூஃபியாக்கள் இரவு வணக்கத்தில் கண்ணயராமல் இருக்க அருந்திய பானம் அது.

தமிழில் விஞ்ஞானச் சொற்களை ஆக்கித் தந்தவர்களுள் நம்மவர் ஒருவரையும் மறந்துவிடலாகாது. யுனெஸ்கோ கூரியர் இதழின் தமிழ்ப் பதிப்பாசிரியராக விளங்கிய மணவை முஸ்தபா (1935–2017) அவர்கள் மருத்துவம், கணினி முதலிய துறைகளுக்குக் கலைச்சொல் அகராதிகள் தொகுத்தார். அறிவு தாய்மொழியில் எளியோரையும் சென்றடைய வேண்டும் என்பதற்காகவே உழைத்த வாழ்வு அது.

ஓர் எச்சரிக்கையும் கூறவேண்டும். விஞ்ஞானமும் இல்மின் கிளையே என்பதால், நாளேட்டில் வரும் ஒவ்வொரு புதுக் கருத்தையும் திருமறையோடு பொருத்திக் காட்ட முனைவது முறையன்று. சோதனையில் பிழை தெரிந்தால் மாற்றிக்கொள்வது விஞ்ஞானத்தின் இயல்பு. கிதாபுல் மனாழிர் என்னும் ஒளியியல் நூலை எழுதிய இப்னுல் ஹைஸம் (ரஹ்) அவர்கள், பெரும் புகழ் பெற்ற தாலமியின் கருத்துக்களையே ஐயுற்று ஒரு தனி நூல் எழுதினார். மாறாத வேதத்தை மாறும் கருத்துக்கு முட்டுக் கொடுப்பதாக ஆக்கலாகாது. அதே போல், விஞ்ஞானம் வேண்டாம் என்பதற்கு வேதத்தைக் காரணம் காட்டவும் ஆகாது.

அடுத்த ஜும்ஆவில் அச்சகோதரரைத் தேடிச் சென்று, “உங்கள் மகள் படிக்க விரும்புவதும் இல்ம்தான். நன்மை, அவள் கொள்ளும் நிய்யத்தில் இருக்கிறது. முன்னர் நான் பிரித்துச் சொன்னது என் பிழை” என்றேன். அவர் சற்று நேரம் மௌனமாக இருந்தார். பிறகு, “அப்படியானால் ஓதுவதையும் விடாமல் படிக்கட்டும், ஹஜ்ரத்” என்றார்.

அப்பெண் இப்போது விஞ்ஞானப் பிரிவில் பயில்கிறாள். விடியற்காலையில் மதரஸாவுக்கும் தவறாமல் வருகிறாள். பிள்ளைகளிடம் நான் இப்போது, “இங்கே ஓதுவதும் இல்ம், அங்கே படிப்பதும் இல்ம்” என்றே சொல்லி வருகிறேன். உங்கள் வீட்டிலும் இச்சொல் இரண்டாகப் பிளந்து கிடக்குமானால், இன்றே ஒட்ட வையுங்கள். கல்வி பெருக வேண்டும் என்று இறைஞ்சுமாறு தன் தூதருக்கே கற்றுத் தந்த இறைவன், நம் மக்களுக்குப் பயனுள்ள இல்மைப் பெருக்குவானாக! ஆமீன்.