கேட்டலே கேண்மை

முகவை மாவட்டத்துத் தொண்டிக் கடற்கரையில் மாலைப்பொழுதில் வலை செப்பனிடும் முதியவர் ஒருவர் கடல்மேல் விழியோட்டிக் "கொண்டல் எழுந்துவிட்டது" என்கிறார். அருகே அமர்ந்திருக்கும் பெயரன் நிமிரவில்லை. அவன் கைப்பேசியில் எங்கோ நிகழும் போரும், எவரோ ஒரு திரைக்கூத்தரின் திருமணமும், முன்பின் அறியாதான் ஒருவனின் வசையும் ஒன்றன்பின் ஒன்றாய் ஓடிக்கொண்டிருக்கின்றன. உலகெலாம் அவன் உள்ளங்கையில்! ஒருமுழத் தொலைவிலிருக்கும் பாட்டனோ அவனுக்கு அயலார்! இது தொண்டியில் மட்டுமன்று, தமிழகத்து வீடுதோறும் காணும் காட்சியன்றோ?

கொண்டல் என்பது கீழ்க்காற்று. தென்றல், கோடை, வாடை என ஏனைத் திசைக்காற்றுகட்கும் தனித்தனிப் பெயரிட்டவர் தமிழர். தொண்டியோர் விடுத்த துணியும் நறுமணப் பொருள்களும் கொண்டற் காற்றோடு மதுரைக்கு வந்த செய்தியைச் சிலப்பதிகாரத்து ஊர்காண் காதை கூறும். கீழ்க்காற்றோடு வந்தன என்றமையால், அது இக் கீழைக்கடல் தொண்டியே எனக் கொள்ளுதல் பொருந்தும். பன்னூற்றாண்டு கடந்து வந்த அச்சொல், இன்று பாட்டன் வாயினின்று பெயரன் செவிக்குச் செல்லும் ஒருமுழத் தொலைவைக் கடக்க மாட்டாது நிற்கின்றது. அகரமுதலியில் மட்டும் கிடக்கும் சொல் உயிர்ச்சொல் ஆகுமா? சொல்லோடு, எக்காற்றில் எம்மீன் கிட்டும், எம்முகில் கண்டால் கரை திரும்பவேண்டும் என்னும் பட்டறிவும் அன்றோ மாய்கின்றது!

"கேள்" என்னும் ஒரே வடிவம் தமிழில் செவிமடுத்தலையும் குறிக்கும், உறவையும் குறிக்கும். கேளிர் என்பார் உறவினர். கேண்மை என்பது நட்பு. கேளாதார் கேளிர் ஆகார் என்பதைச் சொல்லே உணர்த்தி நிற்கின்றது. வள்ளுவர் நட்பினைக் கூறும் 79-ஆம் அதிகாரத்திற்கு நெடுமுன்னரே 42-ஆம் அதிகாரமாகக் கேள்வியை வைத்தார். அதற்கும் முன்னரே, 20-ஆம் அதிகாரத்தில், பயனில சொல்லாமையை வற்புறுத்தினார். இன்று பயனில் சொல் மழையாய்ப் பொழிகின்றது, கேள்வி வறண்டது, கேண்மை கருகுகின்றது.

கருவி பகையன்று. புயற்செய்தியை நொடியில் உணர்த்தி உயிர் காப்பதும் அதுவே. பாம்பனில் 2016-இல் மீனவர்க்கெனவே தொடங்கப்பெற்ற "கடல் ஓசை" வானொலி, காற்றின் நிலையையும் கடலின் நிலையையும் அவர்தம் பேச்சுமொழியிலேயே எடுத்துரைத்தது. அஃதும் கருவிதானே? எல்லார்க்கும் பொதுவாய் இறைக்கப்படும் செய்தி எவரையும் பிணிப்பதில்லை. இன்னார்க்கு இது வேண்டும் என்றறிந்து சொல்லும் சொல்லே பிணிக்கும்.

ஒருநாளைக்கு அறுபது நாழிகை. அவற்றுள் ஒரே ஒரு நாழிகை, அஃதாவது 24 நிமையம், கைப்பேசியை அப்பால் வைத்து வீட்டு முதியவரிடம் அமர்க! அவர் தொழிலைக் கேட்க. அவர் வழங்கும் சொற்களைக் குறித்துக் கொள்க! தமிழைக் காப்போம் என மேடையில் முழங்குவோர், முதலில் தம் வீட்டுத் திண்ணையில் ஒலிக்கும் தமிழைக் கேட்கட்டும்!